கிணத்து மண்ணிலை வாற தெளிந்த கல்லு: படிகமோ, கண்ணாடியோ?

வீரைப்பழம்:
ஓமந்தைப் பக்கம் கிணறு வெட்டின மண்ணுக்குள்ளை நிறமில்லாத தெளிந்த கல்லுகள் கிடக்கு. படிகம்தானோ எண்டு வீட்டிலை வைச்சே எப்பிடிப் பார்க்கிறது? செம்மண் கறை தேய்ச்சும் போகேல்லை. படிகமாலை உடம்புச் சூட்டை இழுக்கும் எண்டுறது உண்மையோ?

பாலையடி:
உடைஞ்ச முனையாலை போத்தலைக் கீறுங்கோ. மோஸ் எண்ட கடின அளவுகோலிலை படிகம் (குவாட்ஸ்) 7, போத்தல் கண்ணாடி 5.5 அளவு, அதாலை கீறு விழவேணும். ஈரவிரலாலை துடைக்க அழிஞ்சால் அது கல்லின்ரை தூள், கீறு இல்லை. பெல்ஸ்பார் எண்ட கனிமமும் கண்ணாடியைக் கீறும், ஆனால் மட்டமான முகமாய்ப் பிளக்கும். படிகம் சிப்பி ஓடு மாதிரி வளைஞ்சு உடையும். கத்தியாலை சுரண்டுப்பட்டு, அந்தத் தூள் வினாகிரியிலை நுரைச்சால் அது கல்சைற்று எண்ட சுண்ணாம்புக் கனிமம்.

பிறகு நிறை. நகைத்தராசிலை தண்ணிக் கோப்பையை வைச்சுப் பூச்சியமாக்கி, கல்லை நூலிலை கட்டி, அடி முட்டாமல் முழுக்கத் தண்ணிக்குள்ளை தொங்கவிடுங்கோ. வெளியிலை 53 கிராம் நிறுத்த கல்லுக்கு இப்ப 20 காட்டினால், 53-ஐ 20 ஆலை பிரிக்க அடர்த்தி 2.65, படிகக் கணக்கு. கண்ணாடியும் 2.5 கிட்ட நிக்கிறதாலை இதை மட்டும் நம்பவேண்டாம். உள்ளுக்கு உருண்டைக் குமிழி தெரிஞ்சால் கண்ணாடிதான்.

மண்வாசி:
கறை இரும்பு ஒட்சைட்டு, சவர்க்காரத்துக்கு அசையாது. ஒரு லீற்றர் தண்ணிக்கு 50 கிராம் ஒட்சாலிக் அமிலம் கரைச்சு, பிளாஸ்ரிக் வாளியிலை இரண்டு நாள் ஊறவிடுங்கோ. கிணத்துத் தண்ணி கூடவே கூடாது. எங்கடை தண்ணியிலை கல்சியம் கூட, அது அமிலத்தோடை சேர்ந்து வெடிப்புக்குள்ளை வெள்ளையாய்ப் படிஞ்சால் எடுக்கிறது பெரும்பாடு. மழைத்தண்ணி அல்லது ஆர்.ஓ. தண்ணி பாவியுங்கோ. சூடாக்கவேண்டாம், ஆவி மூச்சுக்குக் கூடாது. அமிலம் நஞ்சு, கையுறை கட்டாயம். கடைசியிலை அப்பச்சோடாத் தண்ணியிலை போட்டெடுங்கோ.

பாலையடி:
மாலை குளிருறது உண்மை. படிகம் கண்ணாடியைவிட வேகமாய் வெப்பத்தைக் கடத்தும், கழுத்துச் சூட்டை உடனை வாங்கும். கொஞ்ச நேரத்திலை மணியும் உடம்புச் சூட்டுக்கு வந்திடும், காய்ச்சலைத் தணிக்காது. இருட்டிலை இரண்டு வெள்ளைப் படிகக்கல்லை உரச உள்ளுக்குள்ளை மின்னும் எண்டு பிள்ளையள் சொல்லுறதும் சரி. சில்லு தெறிக்கும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கோ. உருண்டையாய்த் தீட்டினதை யன்னலிலை வைக்கவேண்டாம், வெயிலைக் குவிச்சுத் துணியைப் பத்தவைச்சிடும்.

வீரைப்பழம்:
கழுவுறதுக்கும் கிணத்துத் தண்ணி கூடாதோ?

மண்வாசி:
கூடாது. விரிசலுக்குள்ளை நிக்கிற அமிலம் மெல்லமாய்த்தான் வெளியிலை வரும். மழைத்தண்ணியை மாத்தி மாத்தி இரண்டு மூண்டு நாள் ஊறவிடுங்கோ. மிஞ்சின அமிலத்துக்குச் சுண்ணாம்பு கலந்து, கிணறு, குளத்துக்குத் தூரமாய் ஊத்துங்கோ.