டோம்ப் ரைடர் வீடியோ கேம், இங்கிலாந்து டெர்பி ஊர்ல கோர் டிசைன் கம்பெனி செஞ்ச காலத்து ஆட்டங்கள்: உங்க மண்டைய விட்டுப் போகாத ஒரு கணம்?

வைகைக்கரை எழுதியது:

மூணாவது பார்ட். இந்தியா லெவல், கோயில் இடிபாடு. விளையாடினவங்களுக்கு எந்த இடம்னு தெரியும். ஆறு கை, ஆறு கத்தி, சிலையா நிக்கும், கிட்ட போனா உயிர் வரும். சுட்டா கத்தியை முன்னாடி கொண்டுவந்து தடுத்துக்கும், நிறுத்தினா நடந்து வரும். நானும் ரெண்டு துப்பாக்கியாலயும் பொழிஞ்சுக்கிட்டு இருக்கேன். பின்னாடி அம்மா, கையில காபி டம்ளரோட.

"ஏன்டா, சாமியவாடா சுடுற?"

அது சாமி இல்லம்மா, இங்கிலாந்துக்காரன் செஞ்ச பொம்மைனு சொல்லியிருக்கலாம். வாய் வரல. அம்மா சுவத்துல இருந்த சுவிட்சை அணைச்சாங்க. அந்த லெவலை நான் இன்னிவரைக்கும் முடிக்கல. பழைய ஆட்டத்தைப் புதுப்பிச்சு விட்ட ரீமாஸ்டர் வாங்கியும் அங்க வந்ததும் கை நிக்குது. உங்களுக்கு இப்படி ஏதாவது இருக்கா?

ஊமைசிடி எழுதியது:

நான் ரெண்டாவது பார்ட்டை முழுக்க இசையே இல்லாம முடிச்சவன். அந்தக் காலத்துல பாட்டெல்லாம் சிடியில ஆடியோ டிராக்கா இருக்கும். நண்பன் காப்பி போட்டுக் கொடுத்த சிடியில அது கிடையாது. வெனிஸ்ல படகு ஓட்டறேன், ஆட்டத்து நாயகி லாராவோட காலடியும் மோட்டார் சத்தமும் மட்டும். இந்த ஆட்டமே இப்படித்தான் போலன்னு நினைச்சுட்டேன்.

பல வருஷம் கழிச்சு ஆபீஸ்ல ஒருத்தன் நேதன் மெக்ரீ இசையமைச்ச அந்த வெனிஸ் வயலினைப் போட்டான். "இது எந்த ஆட்டம்?"னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

கட்டம்_கட்டமா எழுதியது:

ஊமைசிடி, நீங்க ரொம்ப ஒண்ணும் இழக்கல. ஒரிஜினல்லயும் முக்கால்வாசி நேரம் அமைதிதான். குகைக்காத்து, தண்ணி சொட்டுற சத்தம், அவ்வளவுதான். அதனாலதான் 1996ல முதல் பார்ட்ல பெரு பள்ளத்தாக்குல டைனோசர் வந்தப்ப நாற்காலியோட பின்னாடி போனோம்.

என் கதை சின்னது. அதே முதல் பார்ட்ல, தொட்டதெல்லாம் தங்கமாகிற மைடாஸ் ராஜாவோட அரண்மனையில உடைஞ்சு கிடக்கிற சிலையோட பெரிய கை மேல ஏறி நின்னுட்டேன், சும்மா பாக்கலாமேன்னு. லாரா கால்லேர்ந்து தலைவரைக்கும் தங்கமா மாறிட்டா. கடைசியா சேவ் பண்ணி ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். ஈயக்கட்டியை அந்தக் கையில வச்சாத்தான் தங்கமாகும், ஆளு ஏறக்கூடாதுன்னு அப்புறம்தான் புரிஞ்சது.

இப்ப ரீமாஸ்டர் ஆடுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். தயவுசெஞ்சு அதுல புதுசா சேர்த்த 'மாடர்ன் கண்ட்ரோல்' பக்கம் போகாதீங்க. இந்த ஆட்டத்தோட உலகம் முழுக்கச் சதுரக் கட்டங்களால கட்டினது. நின்ன இடத்துலேர்ந்து குதிச்சா ஒரு கட்டம். ஓடிக் குதிச்சா ரெண்டு. கையை நீட்டி விளிம்பைப் பிடிச்சா இன்னொண்ணு கூடும். விளிம்பு வரைக்கும் நடை பட்டனை அமுக்கிக்கிட்டே போங்க, விழவே மாட்டா. அங்கேர்ந்து பின்னாடி ஒரு துள்ளு. இப்ப ஓட ஆரம்பிச்சு உடனே குதி பட்டனை அமுக்கி வச்சிருங்க. சரியா விளிம்புல கால் ஊன்றப்ப அவளே குதிச்சிருவா. பல்லாங்குழி மாதிரி, குழியை எண்ணிட்டா கை தானா போகும். மாடர்ன் கண்ட்ரோல்ல அந்தக் கணக்கே உடைஞ்சிரும், அப்புறம் "கட்டுப்பாடு சரியில்ல"ன்னு புலம்பக் கூடாது. இன்னொண்ணு: கம்ப்யூட்டர்ல எஃப் 1 அமுக்கினா பழைய படம், புதுப்படம் மாறும். புதுசுல சில இடம் ரொம்ப இருட்டு, சாவி தெரியலன்னா பழசுக்கு மாத்திப் பாருங்க.

வைகைக்கரை, அந்தச் சிலை சண்டையில சுடுறதை நிறுத்தி நிறுத்திச் சுடுங்க. விடாம சுட்டா குண்டுதான் வீண்.

வைகைக்கரை எழுதியது:

எப்படி முடிக்கறதுன்னு நான் கேக்கலியே சார்.

பழையகணக்கு எழுதியது:

கதையெல்லாம் இருக்கட்டும். நல்லா போயிட்டிருந்த ஆட்டத்தை டெர்பிக்காரங்ககிட்டேர்ந்து அமெரிக்காக்காரன் பிடுங்கிட்டான், அதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க. 2003ல ஆறாவது பார்ட் 'ஏஞ்சல் ஆஃப் டார்க்னெஸ்' ஆடினப்ப பாரிஸ்ல ஒரு சுவர்ல தொங்கிட்டிருந்தேன். பிடி தளருது, "பலம் போதாது"ங்கற மாதிரி அவ ஒண்ணு சொல்றா. லாராவுக்குப் பலம் போதலயா? அன்னிக்கு மூடி வச்சவன்தான்.

டெர்பிவாசி எழுதியது:

பழையகணக்கு அண்ணை, பிடுங்கினது அமெரிக்காக்காரன் இல்லை. கோர் டிசைனின்ரை சொந்தக்காரர் ஐடோஸ், அது லண்டன் கொம்பனி. பிறகு ஆட்டத்தைச் செய்த கலிஃபோர்னியா கிறிஸ்டல் டைனமிக்ஸும் அவையின்ரைதான், 1998லயே வாங்கிப்போட்டினம். அரைகுறையா வந்த அந்த ஆட்டத்தை எல்லாரும் திட்ட, டெர்பியிட்டை இருந்து எடுத்து அங்கை குடுத்தது லண்டன்தான். 1996ல இருந்து 2000 வரைக்கும் வருசத்துக்கு ஒண்டெண்டு அஞ்சு ஆட்டம் செய்த ஆக்கள். லாராவை உருவாக்கின டோபி கார்டே 1997ல விட்டிட்டுப் போயிட்டார். நாலாவதிலை களைச்சுப்போய் அவளைப் பிரமிட்டுக்குள்ளை புதைச்சே பாத்தினம், அப்பவும் விடேல்லை. 2006ல ரெபெல்லியன் எண்ட இன்னொரு ஆட்டக் கொம்பனி அந்த ஆக்களை எடுத்து, 2010ல டெர்பி அலுவலகத்தை மூடினது.

அதே 2010ல இஞ்சை உள்வட்டச் சாலையின்ரை ஒரு துண்டுக்கு 'லாரா கிராஃப்ட் வே' எண்டு பேர் வைச்சினம், சனத்திட்டை வோட்டுக் கேட்டு. நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறது அதாலைதான். போன கிழமை சிவப்பு விளக்கிலை நிக்கேக்கை மகள் பலகையை வாசிச்சிட்டுக் கேட்டாள்: "அப்பா, இவ ஆர்? ராணியோ?"

எனக்கு உடனே பதில் வரேல்லை. நான் இந்த ஊருக்கு வந்ததுக்கே ஒரு காரணம் அந்த ஆட்டப் பெட்டியின்ரை பின்பக்கத்திலை வாசிச்ச 'டெர்பி' எண்ட சொல்லுத்தான், அதை எப்பிடிச் சொல்லுறது? பின்னேரம் ரெண்டாவது ஆட்டத்தைப் போட்டு, லாராவின்ரை வீட்டிலை விட்டிட்டுத் தேத்தண்ணி போடப் போனன்.

திரும்பி வந்தால், தட்டோடை பின்னாலை திரியிற அந்தக் கிழட்டு வேலைக்காரரைக் காணேல்லை. நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் குளிரறைக்குள்ளை விட்டுக் கதவைப் பூட்டிட்டாள்.

ஊமைசிடி எழுதியது:

நாங்க எல்லாரும் பண்ணினதுதானே அது. நான் பண்ணினப்ப அவர் முனகற சத்தம் மட்டும் கேட்டுது.