வக்ஃபு வீட்டை விற்று வேறு இடம் வாங்கலாமா?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். மதரஸா செலவுக்கென்று வக்ஃபு செய்த (இறைவழியில் நிரந்தரமாக அர்ப்பணித்த) ஓட்டு வீடு, கூரை இறங்கிக் கிடக்கிறது. விற்றுவிட்டுக் கடைவீதியில் இரண்டு கடை வாங்கினால் வருமானம் பெருகும் என்கிறார் முத்தவல்லி (வக்ஃபு நிர்வாகி). எங்கள் ஊர் ஷாஃபிஈ மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பிரிவு), ஹனஃபி மத்ஹபில் விற்பது கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். பள்ளிவாசலின் பழைய தேக்கு உத்திரங்களை விற்பது எப்படி?

பதில் 1:
வஅலைக்குமுஸ்ஸலாம். ஷாஃபிஈயில் வீட்டை விற்க வழியில்லை. கைபர் நிலத்தை நபித்தோழர் உமர் (ரலி) வக்ஃபு செய்தபோதே, விற்பதோ அன்பளிப்பதோ வாரிசுக்குப் போவதோ கூடாது என்றாகிவிட்டது. கூரை போனாலும் மனை நிற்கிறதே! உத்திரம் வேறு கணக்கு. உடைந்து, அடுப்பெரிக்க மட்டுமே ஆகும் நிலைக்கு வந்தால் விற்கலாம் என்கிறது நவவி இமாமின் ஷாஃபிஈ சட்ட நூலான மின்ஹாஜ். நைந்த பாய்க்கும் அதேதான். கதவு, பலகை என்று அறுக்க முடிகிற தேக்கு இதில் சேராது.

பதில் 2:
‘ஹனஃபியில் கூடும்’ என்பது பாதிப் பேச்சு. மாற்றிக்கொள்ளும் உரிமையை (இஸ்திப்தால்) வக்ஃபு செய்தவரே (வாகிஃப்) சாசனத்தில் எழுதியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் சொல்லும் நிபந்தனைகள் லேசானவை அல்ல: சொத்து முற்றிலும் பயனற்றிருக்க வேண்டும், செப்பனிட வக்ஃபில் வருமானம் இருக்கக் கூடாது, அடிமாட்டு விலைக்குப் போகக் கூடாது, இல்மும் (மார்க்க அறிவும்) நேர்மையும் உள்ள காழி (நீதிபதி) தீர்மானிக்க வேண்டும். பதிலுக்கு வருவதும் ரொக்கமாக இல்லாமல் அசையாச் சொத்தாக இருக்க வேண்டும். ரொக்கம் நிர்வாகி கையில் கரைந்துபோகும், மாற்றுச் சொத்து வாங்கப்படாது என்ற அனுபவத்தில் பிற்காலத்தார் சேர்த்தது இது. கூடுதல் வருமானத்துக்காக மட்டும் மாற்றலாம் என்று ஹனஃபி இமாம் அபூ யூசுஃப் பெயரில் ஒரு சொல் உண்டு. அநியாயக் காழிகள் அதை வைத்தே வக்ஃபுகளை விழுங்கியதால் பலர் ஏற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: ‘வேண்டும்போது விற்பேன்’ என்ற ஷரத்தோடு (நிபந்தனையோடு) எழுதினால் ஷாஃபிஈயில் வக்ஃபே செல்லாது. மத்ஹபு மாற்றிச் சாசனத்தை வாசிக்கிறவர்கள் இங்கேதான் இடறுவார்கள்.

பதில் 3:
ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) எப்படி வந்தாலும் இந்தியாவில் விற்பனைப் பத்திரம் செல்லாது. 1995 வக்ஃபுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு முன்பு வக்ஃபு வாரிய அனுமதியோடு விற்க இடம் தந்தது. 2013 திருத்தத்துக்குப் பிறகு விற்பனை, பரிமாற்றம், அடமானம் எல்லாமே தொடக்கம் முதலே செல்லாதவை. வாங்கியவரும் பணத்தை இழந்து நிற்பார்.

கேட்டவர்:
அப்படியானால் இடிந்த வீட்டை என்ன செய்வது?

பதில் 3:
வாரிய அனுமதியோடு குத்தகைக்கு விடுங்கள். 30 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. கட்டடம் எழுப்புகிறவர் செலவை வாடகையில் கழிப்பதாக இருந்தால், குத்தகை முடிந்ததும் கட்டடம் வக்ஃபுக்கே சேரும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.