‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவைப்பா, ரத்தா?

சுங்கை சிப்புட்வாசி:
எங்கள் வட்டாரப் பள்ளியொன்றின் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ‘மீட்டிங் இஸ் புட் ஆஃப்’ என்று ஒரே வரியில் அறிவிப்பு வந்தது. பாதிப் பேர் கூட்டம் ரத்தாகிவிட்டது என்றெண்ணி, பின்னர் அது நடந்த நாளில் வராமல் இருந்துவிட்டு, இப்போது எழுதியவரின் ஆங்கிலத்தைக் குறை சொல்கிறார்கள். அந்த ஆங்கிலம் சரியானதே. ‘புட் ஆஃப்’ ஒத்திவைப்பது, ‘கால் ஆஃப்’ ரத்துச் செய்வது. மலாய்க் கடிதத்தில் ஒத்திவைப்பான ‘துண்டா’ வேறு, ரத்தான ‘பத்தால்’ வேறு என்று குழம்பாமல் படிக்கிற நமக்கு இது மட்டும் எப்படிப் புரியாமல் போகும்?

கிராணி மகள்:
ஐயா, அகராதி உங்கள் பக்கம் இருக்கலாம், ஆனால் நம் காதில் ‘ஆஃப்’ என்றாலே நின்றுபோவதுதான். விளக்கை ஆஃப் செய்கிறோம், விசிறியை ஆஃப் செய்கிறோம், வேலையில்லாத நாள் ‘ஆஃப் டே’. என் தந்தை விளக்கணைக்கச் சொல்லும்போது ‘புட் ஆஃப் த லைட்’ என்பார். இன்று ‘டர்ன் ஆஃப்’ என்பதே பெருவழக்கு என்றாலும் அவர் சொன்னதும் பழைய ஆங்கில வழக்குதான். டுரியான் வாடை பிடிக்காத விருந்தாளி முகம் சுளித்தால் அதற்கும் இதே வினை வரும். மூன்று பொருள் தாங்கும் சொல்லை ஒற்றை வரியில் போட்டுவிட்டுப் படித்தவரைக் குறை சொல்வது முறையன்று.

சுங்கை சிப்புட்வாசி:
அம்மா, எதைப் பற்றிய பேச்சு என்பதை வைத்தே பொருள் துலங்கிவிடுகிறது. கூட்டத்தை யாரும் ஊதி அணைப்பதில்லை. திருமணத்தைத் தள்ளிப்போட்டார்கள், ஒருவரை ஊரைவிட்டுத் தள்ளிவைத்தார்கள், வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள், தீபாவளிக்குத் துணிக்கடையில் தள்ளுபடி என்று ஒரே ‘தள்ளு’வை நாம் நாள்தோறும் தடுமாறாமல் ஆள்கிறோமே. ‘தள்ளிப்போடு’ என்பதிலுள்ள ‘போடு’தானே அங்கே ‘புட்’? ‘போஸ்ட்போன்’ என்ற சொல்லுக்குள்ளும் ‘வை’ என்று பொருள்படும் இலத்தீன் வினையே இருக்கிறது.

பழைய பால்வெட்டு:
இலக்கணம் எனக்குத் தெரியாது, ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும்போது கண்டதைச் சொல்கிறேன். மழை பெய்த விடியலில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்றிருப்போம். கங்காணி முதல் நிரையில் ஒரு மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். லேசான ஈரம் என்றால் பட்டை காயும்வரை வெட்டு தள்ளிப்போகும். நீர் வழிந்துகொண்டிருந்தால் அன்று வெட்டே இல்லை, ஏனெனில் ஈரப் பட்டையில் வெட்டினால் பால் வெட்டிய கோட்டிலிருந்து விலகிப் பட்டையெங்கும் பரவும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விழுவதிலும் மழைநீர் கலந்துவிடும். முன்னது நீங்கள் சொல்லும் ‘புட் ஆஃப்’, பின்னது ‘கால் ஆஃப்’. ஆனால் தள்ளிப்போடுகிற அன்று கங்காணி ‘பத்து மணிக்கு வாருங்கள்’ என்று நேரத்தையும் சேர்த்தே சொல்வார். நேரம் சொல்லாவிட்டால் நாங்கள் வேலையில்லை என்று லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிடுவோம்.

கிராணி மகள்:
நான் சொல்ல வந்ததை அண்ணன் சொல்லிவிட்டார். ‘புட் ஆஃப்’ போட்டால் பின்னாலேயே ‘டில் ஃப்ரைடே’ என்றோ ஒரு தேதியோ வரவேண்டும். வராத ஒத்திவைப்புக்கும் ரத்துக்கும் கேட்பவரளவில் என்ன வேறுபாடு?

சுங்கை சிப்புட்வாசி:
தேதி போடாதது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அறிவிப்பின் குறை, சொல்லின் குறையன்று. மறுநாள் வந்த விளக்கத்தில் ‘வி புட் ஆஃப் இட்’ என்றிருந்ததே, அதைப் பிழை என்றிருந்தால் நானும் உங்களோடு நின்றிருப்பேன். ‘இட்’ நடுவில் நுழைந்து ‘புட் இட் ஆஃப்’ என்றுதான் வரவேண்டும். அதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கிராணி மகள்:
அது இருக்கட்டும் ஐயா. சனிக்கிழமை நடக்கவிருந்த கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணியும் ‘புட் ஆஃப்’ என்று சற்றுமுன் செய்தி வந்திருக்கிறது, இம்முறையும் தேதி இல்லை. மண்வெட்டியை எடுத்து வைக்கட்டுமா, வேண்டாமா?