வெப்ப அலை முன்னறிவிப்பில் எதைப் பார்ப்பது? உதவுங்கள்

வணக்கம். எங்கள் மண்டலத்துக்கு இன்னும் 5 நாள் வெப்ப அலை என்று முன்னறிவிப்பு. பகல் உச்சம் 41 டிகிரி. சரி, அது நிழலில் எடுக்கிற காற்றின் வெப்பம். நாங்கள் இருப்பதோ மொட்டை மாடிக்கு நேர் கீழே. நேற்று இரவு 11 மணிக்குக்கூடச் சுவரில் கை வைத்தால் சுட்டது. அம்மாவுக்கு 78 வயது, விடியும்வரை புரண்டுகொண்டே இருந்தார்.

ஈரப்பதம் ஏறினால் வியர்வை உலராது, உடம்பு தணியாது. அப்படியானால் பகல் உச்சத்தைவிட இரவு வெப்பத்தையும் ஈரப்பதத்தையும்தானே கவனிக்க வேண்டும்? இரவில் எத்தனை டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் அம்மாவைத் தங்கையின் கீழ்த்தள வீட்டுக்கு மாற்றுவீர்கள்? அப்புறம், வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவுக்கு, மண்டலத்துக்குச் சொல்லும் எண்ணோடு எத்தனை டிகிரி கூட்டிக்கொள்வது? வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நாளை காலைக்குள் முடிவெடுக்க வேண்டும்.