புதுப்பிப்பு: மிளகாய் பட்ட கையோடு பின்னினால் எரிச்சல் – தீர்வு கிடைத்தது

காந்தாரி மிளகாயைக் கீறி விதை எடுத்துவிட்டுப் பின்ன உட்கார்ந்தால் விரல் எரிகிறது, நூலிலும் காரம் ஏறுகிறது, தண்ணீரில் எவ்வளவு கழுவியும் போகவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

முதலில் மோர். எரிச்சல் அடங்கியது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. வேலை செய்தது பெருந்துறை அக்கா சொன்ன வழிதான்: ஈரம் படாத கையில் தேங்காய் எண்ணெயை நகக்கண் வரை நன்றாகத் தேய்த்து, அப்புறம் பாத்திரம் துலக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அந்த எண்ணெயைச் சோப்பு கொண்டுபோய்விடுகிறது. சோப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், நூலெல்லாம் எண்ணெய்க் கறையாகிவிடும்.

கையுறை சொன்னவர்களுக்கு: ரப்பர் என்றால் சரி. திருப்பூர்க்காரி வீட்டில் பனியன் துணிக்கா பஞ்சம், ஆனால் அதில் தைத்தால் சாறு ஊறி உள்ளே வந்துவிடும்.

காம்போடு முழுசாகப் பறிக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. காரம் அதிகம் இருப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்; அதனால் கீறும்போதுதான் வம்பு.

எதிர்பாராதது ஊசி. கை சுத்தமான பிறகும் விரல் எரிந்தது. பார்த்தால் மூங்கில் ஊசியில் காரம் இறங்கியிருக்கிறது. ஸ்டீல் ஊசி ஒரே துடைப்பில் சரியானது. மூங்கிலுக்கு எண்ணெய், சோப்பு என்று திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டியிருந்தது.

பாதி பின்னிய குழந்தைக் குல்லாயைத் துவைத்தும் கொடுக்க மனசு வரவில்லை. பிரித்து, அந்த நூலில் மிளகாய்ச் செடிகளைக் குச்சியோடு கட்டிவிட்டேன்.