300 கி.மீ.க்குக் கீழே அடித்தும் துண்டுகள் ஏன் 1000 கி.மீ. ஏறின?

கீழ்வானம்:
இந்தியாவின் செயற்கைக்கோள் எதிர்ப்பு ஏவுகணைச் சோதனையான மிஷன் சக்தியில் (27 மார்ச் 2019) மைக்ரோசாட்-ஆர் என்ற நம் செயற்கைக்கோள் சுமார் 283 கி.மீ. உயரத்தில் தகர்க்கப்பட்டது. உயரம் குறைவு, 45 நாளில் எல்லாம் எரிந்துவிடும் என்றது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. ஆனால் சில துண்டுகள் 410 கி.மீ.யில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தையும் தாண்டி 1000 கி.மீ.க்கு மேல் போயின, 2022 வரை சுற்றின. எதிரே வந்து மோதிய ஏவுகணை வேகத்தைக் குறைக்கத்தானே வேண்டும்? மேலே தூக்கிவிட்டது எது?

சுற்றுப்பாதை:
மொத்தப் பொருளின் சராசரி வேகம் குறைகிறது, சரி. ஆனால் உடைந்த துண்டுகள் எல்லாத் திசையிலும் தெறிக்கும். போகும் திசையிலேயே தெறித்த சிலவற்றின் வேகம் கூடிவிடும். அந்த உயரத்தில் சுற்றும் வேகம் நொடிக்கு 7.7 கி.மீ. அதோடு நொடிக்கு வெறும் 100 மீட்டர் சேர்ந்தாலே பாதையின் எதிர்ப்பக்கம் சுமார் 350 கி.மீ. உயர்ந்துவிடும். 1000 கி.மீ.க்கு 200 மீட்டர் போதும். நேர் மேலே தெறித்த துண்டுகளைவிட முன்னோக்கித் தெறித்தவைதான் இதில் ஆபத்தானவை: அதே 100 மீட்டர் மேல்நோக்கிக் கிடைத்தால் ஏற்றம் 90 கி.மீ.க்குள் அடங்கும்.

காப்பாற்றுவது ஒன்றுதான். எவ்வளவு மேலே போனாலும் ஒவ்வொரு சுற்றிலும் மோதல் நடந்த உயரத்துக்கு அந்தத் துண்டு திரும்பி வந்தே ஆகவேண்டும். 283 கி.மீ.யில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடிக்கும். 2007 ஜனவரியில் சீனா தன் ஃபெங்யுன்-1சி செயற்கைக்கோளைத் தகர்த்தது சுமார் 865 கி.மீ.யில். அங்கே இழுக்கப் போதிய காற்றில்லை. பதிவான 3000-க்கும் மேற்பட்ட துண்டுகளில் பெரும்பகுதி பல ஆண்டுகள் கழித்தும் மேலேயே இருந்தது.

மோதுவிசை:
துண்டுகள் இவ்வளவு வேகமாகத் தெறிக்கக் காரணம் வெடிமருந்து அல்ல. இவ்வகை ஏவுகணை முனையில் அது தேவையே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் ஒப்புவேகம் நொடிக்கு 10 கி.மீ. என்றால் ஒரு கிலோ எடைக்கு 50 மெகாஜூல் ஆற்றல், அதாவது அதே எடையுள்ள டி.என்.டி. வெடிமருந்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு. இலக்கின் ஒவ்வொரு கிராமுக்கும் 40 ஜூலைத் தாண்டினால் செயற்கைக்கோள் முழுதாகச் சிதறும் என்பது வழக்கமான அளவுகோல். 30 கிலோ முனை 740 கிலோ செயற்கைக்கோளில் மோதினால் கிராமுக்கு 2000 ஜூல்.

கடினம் குறிவைப்பதில். அந்த வேகத்தில் ஒரு மில்லிநொடி பிசகினால் 10 மீட்டர் தள்ளிப்போகும். தரை ராடார் தரும் பாதைக் கணிப்பு ஏவுகணையை அருகே கொண்டுபோய் விடும், அவ்வளவே. கடைசி நொடிகளில் முனையிலுள்ள அகச்சிவப்புக் கண் இலக்கைப் பிடித்து, பக்கவாட்டு உந்திகள் திருத்த வேண்டும். கண் தாமதமாகப் பிடித்தால் உந்திகளுக்குத் திருத்த நேரமே இருக்காது.

பட்டியல்காரன்:
துண்டுகளின் உயரத்தை நீங்களே கணக்கிடலாம். விண்ணில் சுற்றும் பொருட்களின் பொதுப் பட்டியலில் 2019-006 (மைக்ரோசாட்-ஆர் ஏவலின் எண்) என்று தொடங்கும் எண்களின் பழைய ஈரடித் தரவுகளை (ஒரு பொருளின் பாதையை இரண்டு வரி எண்களில் சொல்பவை, TLE) எடுங்கள். இரண்டாம் அடியில் 27 முதல் 33 வரையுள்ள எழுத்திடங்களில் மையப்பிறழ்ச்சி (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு), 53 முதல் 63 வரை ஒரு நாளின் சுற்றுகள். சுற்றுகளின் எண்ணிக்கையை 2/3 அடுக்குக்கு உயர்த்தி 42241-ஐ அதால் வகுத்தால் பாதையின் அரைப் பேரச்சு (நீள்வட்டத்தின் நீளமான விட்டத்தில் பாதி) கி.மீ.யில் வரும்.

உதாரணம்: 14.77 சுற்று, மையப்பிறழ்ச்சி 0513000. அரைப் பேரச்சு 7017. இதில் புவியின் ஆரம் 6378 கழித்தால் சராசரி உயரம் 639. 7017 × 0.0513 = 360. அதை 639-உடன் கூட்டினால் மேல்முனை 999, கழித்தால் கீழ்முனை 279. பலரும் தவறுவது மையப்பிறழ்ச்சியில்: தசமப் புள்ளி அச்சில் இருக்காது, முன்னால் நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பட்டியலில் இருப்பவை ராடாருக்குத் தெரிகிற, சுமார் 10 செ.மீ.க்கு மேற்பட்டவை மட்டுமே. 1 செ.மீ. துண்டும் ஒரு செயற்கைக்கோளை முடக்கும்.

கீழ்வானம்:
நன்றி, கணக்கு சரியாக வருகிறது. அப்படியானால் 2021 நவம்பரில் ரஷ்யா தன் செயற்கைக்கோள் காஸ்மாஸ் 1408-ஐ 480 கி.மீ. அளவில் அடித்ததே, அது?

சுற்றுப்பாதை:
அது இதைவிட மோசம். இரண்டு டன் எடை, 1500-க்கும் மேற்பட்ட துண்டுகள், மோதல் நடந்ததோ நிலையத்துக்கு மேலே. விழுகிற ஒவ்வொரு துண்டும் நிலையத்தின் உயரத்தைக் கடந்துதான் கீழே வர வேண்டும். அன்றே நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தங்கள் கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது. ஆளில்லாத உயரம் என்று பார்த்தால் போதாது, விழும் வழியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.