ஆப்பிரிக்கப் பசுமைச் சுவர்: வெளிநாட்டுப் பணத்தில் மரம் நிற்குமா?

கரிசல்காட்டான்:
சஹாரா பாலைவனம் பரவாமல் தடுக்க, அதன் தெற்கு ஓரமாக மரமும் பசுமையும் வளர்க்கும் ஆப்பிரிக்காவின் பசுமைப் பெருஞ்சுவர்த் திட்டத்தை நேற்று இங்கே ஆளாளுக்குப் புகழ்ந்துகொண்டிருந்தீர்கள். செனகலிலிருந்து ஜிபூட்டி வரை 8,000 கிலோமீட்டர், 2030க்குள் 10 கோடி ஹெக்டேர் நிலத்தைச் சீராக்குவதாக இலக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆப்பிரிக்க ஒன்றியம் இதைத் தொடங்கியது 2007ல். 2020ல் ஐ.நா. அறிக்கையே சொன்ன கணக்கு: சுவருக்கென்று குறித்த பகுதியில் சீரானது சுமார் 40 லட்சம் ஹெக்டேர். அடுத்த ஜனவரியிலேயே பாரிஸில் கூடி 1,400 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்குறுதி. நாடுகள் கூடினால் அறிக்கை வரும், காடு வராது.

வேலமரம்:
அதே அறிக்கையில், குறித்த பகுதிக்கு வெளியே நடந்ததையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1.8 கோடி ஹெக்டேர் என்று இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டைப் பாருங்கள். அங்கே மராடி, ஜின்டர் பக்கம் நாற்றே நடவில்லை. வெட்டிய மரங்களின் தூர் மண்ணுக்கடியில் உயிரோடு கிடந்தது. வருடாவருடம் துளிர்க்கும், விதைப்புக்கு முன்னால் விவசாயி அதை வெட்டித் தள்ளுவார். நாம் மறுதாம்பு என்போமே, அதுதான். தூருக்குச் சில கொம்பை விட்டு மற்றதைக் கழித்தால் போதும் என்று 1980களில் பரப்பியவர் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர். சுமார் இருபது வருடத்தில் 50 லட்சம் ஹெக்டேர், 20 கோடி மரம். அதில் காவ் என்று ஒரு மரம். மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, வறட்சியில் பச்சையாக நிற்கும். கம்புப் பயிர் மேல் நிழல் விழாது, உதிர்ந்த இலை உரமாகும், கோடையில் ஆட்டுக்கு நெற்று. இப்படியொரு மரம் நமக்கு வாய்க்கவில்லையே என்று எனக்குப் பொறாமைதான்.

கரிசல்காட்டான்:
ரினாடோ கதையை முழுசாகச் சொல்லுங்கள். 1984 பஞ்சத்தில், மரத்தைக் காத்தால் தானியம் என்று திட்டம் போட்டார்கள். லட்சக்கணக்கில் மரம் நின்றது. திட்டம் முடிந்ததும் பெரும்பகுதியை மக்களே வெட்டிவிட்டார்கள்.

அப்புறம் கென்யாவின் பரிங்கோ. 1980களில் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் உதவியோடு அங்கே நட்டது எதை? நம்ம சீமைக் கருவேலத்தை! நெற்றைத் தின்று ஆட்டின் பல் கொட்டுகிறது என்று மக்கள் அரசு மேல் வழக்குப் போட்டு, பல் போன ஆட்டையே நீதிமன்றத்துக்கு ஓட்டிப்போனார்கள்.

ஓடைக்கரை:
காமராஜர்தான் கருவேலத்தைக் கொண்டுவந்தார் என்று யாராவது ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன்: 1877லேயே ஆங்கிலேயர் கடப்பைப் பக்கம் விதைத்தாயிற்று. நான் முதுகுளத்தூர்க்காரன். அதை வெட்டு என்று நீதிமன்றம் சொல்கிறது, கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவனோ வெட்டாதே என்கிறான். ஒரு சந்தேகம். தானியம் நின்றதும் வெட்டியவர்கள் பிறகு ஏன் வளர்த்தார்கள்?

வேலமரம்:
நல்ல கேள்வி. நைஜரில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சட்டப்படி மரமெல்லாம் அரசுச் சொத்து. சொந்த நிலத்தில் கிளை வெட்டினாலும் அபராதம். எவன் வளர்ப்பான்? அதிகாரிகள் பிடியைத் தளர்த்தி, வயலில் நிற்பது வயல்காரனுக்கே என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் ஊர் ஊராகப் பரவியது. நம்மிடமும் 2002 வரை பட்டா நிலத்துச் சந்தனம் அரசுக்குத்தானே? கரிசல் அண்ணே, பரிங்கோவில் நடந்தது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் தூர் துளிர்ப்பதைக் கவனிக்கச் சொன்னவரும் வெளிநாட்டுக்காரர்தானே?

கரிசல்காட்டான்:
முளைத்த சந்தனக் கன்றை எங்கள் தாத்தா அதிகாரி கண்ணில் படுமுன் பிடுங்கிப் போடுவார், அதனால் இது எனக்குப் புரிகிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 1,400 கோடி டாலரில் சட்டத்தைத் திருத்த எவ்வளவு, நாற்றுப்பண்ணைக்கு எவ்வளவு? மந்திரி வந்து கன்று நட்டால் படம் எடுக்கலாம். தூரில் நாலு கொம்பைக் கழித்தால் யார் வந்து படம் எடுப்பார்கள்?